தொட்டிக் கரியும் கிணற்று நீரும்

தேங்காயின் மட்டைக்கும் பருப்புக்கும் விலை பேசும் குடியானவர், கொட்டாங்கச்சியாகிய தொட்டியை மட்டும் களத்து மூலையில் குவித்து, வந்த வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளிவிடுகின்றனர். முழுக்காயின் எடையில் நூற்றுக்கு 12 முதல் 15 பங்கு தொட்டியே. காயாகவே விற்போரிடம் இது தங்குவதில்லை. கொப்பரை போடுவோருக்கோ இது அலட்சியம் செய்யத்தக்க சரக்கன்று.

காற்றைக் குறைத்துச் சுட்டால் 100 கிலோ தொட்டிக்கு ஏறக்குறைய 25 முதல் 30 கிலோ கரி கிடைக்கும். அக்கரியை ஆலைகளில் மிகுந்த உஷ்ணத்தில் நீராவி செலுத்திப் பக்குவம் செய்ய, கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் அதில் உண்டாகின்றன. முதல் உலக யுத்தத்தில், 1918-ஆம் ஆண்டில், விஷவாயுவைத் தடுக்கும் முகமூடிகளுக்கு அமெரிக்கர் இத்தகைய கரியையே நாடினர். இன்று குடிநீரைச் சுத்தி செய்யவும், சயனைடு கரைசலிலிருந்து பொன்னைப் பிரிக்கவும் அது பயன்படுகிறது. மரம் ஒன்றையும் வெட்டாமல் ஆண்டுதோறும் கிடைக்கும் பொருள் இது.

ஆயினும், திறந்த குழியில் தொட்டியைச் சுட்டு, நீர் ஊற்றி அணைக்கும் வழக்கம் கண்டிக்கத்தக்கது. சுடும்போது உண்டாகும் தாரும், பீனால் முதலிய நச்சுப் பொருள்களும் அந்நீரோடு மண்ணில் இறங்கிக் கிணறுகளைக் கெடுக்கும். ஒருவர் லாபத்துக்காக ஊரார் குடிநீர் பாழாவது நியாயமன்று.

அடியில் துளையிட்ட இரும்புப் பீப்பாயில் சுடுவது இதனினும் மேல். தொட்டி எரிந்து தணியத் தணிய மேலும் இட்டு நிரப்புக. அடர்ந்த வெண்புகை மாறி மெல்லிய நீலப்புகை எழும்போது துளைகளையும் மூடியையும் களிமண்ணால் அடைத்து, மறுநாள்வரை ஆறவிடுக, நீர் தெளிக்கலாகாது. நன்கு வெந்த கரி, கல்லில் போட்டால் கணீரென ஒலிக்கும். உடைத்த முகம் பளபளக்கும்.

பீப்பாயிலும் புகை உண்டு. வீடுகளுக்கும் கிணறுகளுக்கும் தொலைவில் வைப்பதே முறை. புகையையே எரித்து, அவ்வெப்பத்தால் கொப்பரை உலர்த்தும் சூளைகளும் உண்டு. அவை தனி ஒருவர் முதலுக்கு அடங்கா. பத்துப் பேர் கூட்டுறவாகச் சேர்ந்தால் இயலும். அப்போது தொட்டியாக விற்பதை விட்டுக் கரியாகவே ஆலைக்கு நேரே அனுப்பலாம்.

ஆகவே, கிராம அதிகாரிகள் கரிக்குழிகளை வருமானம் என்று மட்டும் பார்த்து வாளாவிருத்தல் தகாது. இடம் குறிப்பதும், குழியை விலக்குவதும், குடியானவரை ஒன்றுசேர்ப்பதும் அவர்கள் கடமை. கரி விற்ற பணத்தால் கெட்ட கிணற்றை மீட்க முடியாது.