பாட்டுப்பெட்டி வாங்குமுன் யோசியுங்கள்!

தாராபுரத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு மளிகைக்கடை. மகன் கல்லூரி மாணவன். இசையமைப்பாளர் ஆகவேண்டும் என்பது அவன் ஆசை.

"சிந்தசைசர் ஒண்ணு வாங்கோணுமுங்க, அப்பா. கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்குமுங்க. பதினஞ்சாயிரம் ஆகுமுங்க" என்கிறான் மகன்.

"கண்ணுக்கே தெரியாத சாமானுக்குப் பதினஞ்சாயிரமா, கண்ணு?" என்று திகைக்கிறார் அப்பா.

மகனின் ஆசை தப்பு அல்ல. ஆனால், அப்பாவின் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

அது என்ன கருவி?

சிந்தசைசர் என்பது மின்சாரத்தால் ஒலியை உண்டாக்கும் கருவி. 1964-ம் ஆண்டில் அமெரிக்காவில் ராபர்ட் மூக் என்பவர் ஒன்றை உருவாக்கினார். 1983-ல் ஜப்பானின் யமஹா கம்பெனி "டி.எக்ஸ்.7" என்ற கருவியை வெளியிட்டது. அது உலகமெங்கும் புகழ் பெற்றது.

இன்று அந்த டி.எக்ஸ்.7-ன் ஒலியைத் தரும் மென்பொருள், "டெக்ஸட்" என்ற பெயரில் இலவசமாகவே கிடைக்கிறது. "சர்ஜ்", "வைட்டல்" ஆகியவையும் உண்டு. சர்ஜ் முழுவதும் இலவசம். வைட்டலுக்கு இலவசப் பதிப்பு இருக்கிறது. பழகுவதற்கு இவை தாராளமாகப் போதும்.

விலை கூடினால் ஒலி கூடுமா?

கூடாது. பலவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். முதலில் ஓர் ஒலி அலை பிறக்கிறது. பிறகு அதைச் சலித்து எடுக்கிறார்கள். அது எப்படி எழவேண்டும், எப்படி அடங்கவேண்டும் என்று கட்டளை இடுகிறார்கள்.

கோவில் மணியை அடித்தால், ஓசை சட்டென்று எழுந்து மெல்ல அடங்குகிறது. நாதசுரமோ, ஊதும்வரை ஒலிக்கிறது. இந்த வேற்றுமையைக் காதால் அறிந்தவன், எந்தக் கருவியிலும் இரண்டையும் உண்டாக்கப் பார்ப்பான். அறியாதவனுக்கு ஆயிரம் ஒலிகளைக் கொடுத்தாலும் பயன் இல்லை.

1986-ல் "புன்னகை மன்னன்" படத்தில் இளையராஜா மின்னணு ஒலிகளைக் கையாண்டார். 1992-ல் "ரோஜா" படத்தில் ஏ.ஆர்.ரகுமான் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தார். அத்தகைய கருவிகள் வேறு பலரிடமும் இருந்தன. அந்தப் பாட்டுகள் அவர்களிடம் பிறக்கவில்லை!

எதைப் பார்த்து எடுப்பது?

முதலில், சுரம் வழுக்கிச் செல்லுமா என்று பார்க்கவேண்டும். நம் பாட்டுக்கு உயிர் கமகம். படிக்கட்டுபோல் தாவும் ஒலி நமக்கு உதவாது.

அடுத்து, வீட்டுக் கம்ப்யூட்டர் அதைத் தாங்குமா என்று பார்க்கவேண்டும். கட்டையை அழுத்திய பிறகு தாமதித்து ஒலி வந்தால், தாளம் கெட்டுவிடும்.

மூன்றாவது, திருட்டுப் பிரதியைத் தொடவே கூடாது. அதோடு வைரஸ் வரலாம். கம்ப்யூட்டரில் உள்ள பாடமும் பாட்டும் ஒருசேரப் போய்விடலாம். மேலும், தன் பாட்டைப் பிறர் திருடக்கூடாது என்று நினைப்பவன், பிறர் உழைப்பைத் திருடலாமா?

அப்பா செய்யவேண்டியது

"முடியாது" என்று ஒரே சொல்லில் அடித்துவிடக் கூடாது. ஒரு சிறிய கீபோர்டும், நல்ல ஹெட்போனும் வாங்கித் தரலாம். மகன் ஓர் இலவச சிந்தசைசரை எடுத்து, அது ஒன்றையே ஓராண்டு பழகட்டும். அமராவதிக் கரையில் கேட்கும் உறுமியையும் தவிலையும் கூர்ந்து கேட்கட்டும்.

ஓராண்டில் சொந்தமாகப் பத்துப் பாட்டுகள் பிறந்தால், பதினைந்தாயிரம் பெரிய பணம் அல்ல. ஒன்றுகூடப் பிறக்காவிட்டால், பணமாவது மிஞ்சும்!