சங்கு நிற்கும் முன் கேட்க வேண்டியது

சங்க வேலையாக விதுரா வழியே கல்லாறு வரை போயிருந்தோம். பொன்முடிக்குச் சுற்றுலா போகிறவர்கள் ஆற்றில் கால் நனைத்துவிட்டு மலையேறுகிற இடம் அது. மேலே தேயிலைத் தோட்ட லயங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் நம் ஜனங்கள் சிலர் அங்கே நமக்காகக் காத்திருந்தார்கள். வயதான அம்மா ஒருவர் கேட்டார்: "தோட்டத்தை மூடிட்டா இந்த வீடு எங்களுக்கா, கம்பெனிக்கா?"

இந்தக் கேள்விக்கு நாம் சட்டப் புத்தகத்தைப் புரட்டவில்லை. கோலார் தங்கவயலின் கதையைச் சொன்னோம். வாசகத் தோழர்களுக்கும் அதைச் சொல்வது நம் கடமை.

1880-ஆம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனி மைசூர் ராஜ்யத்தின் வறண்ட மண்ணில் இறங்கியது. பாறையைப் பிளக்க ஆள் வேண்டும். வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து பஞ்சமும் ஜாதிக் கொடுமையும் விரட்டிய தமிழ் மக்கள் மூட்டை முடிச்சோடு வந்து சேர்ந்தார்கள். 1894-ல் மாரிக்குப்பம் வரை ரயில் வந்தது. 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். இந்தியாவின் பெரிய நகரங்கள் பல எண்ணெய் விளக்கில் இருந்தபோது தங்கவயலில் மின்விளக்கு எரிந்தது. பேத்தமங்கலம் ஏரியிலிருந்து தண்ணீர் வந்தது. துரைமாருக்கு பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம். தொழிலாளிக்கு லைன் வீடு. 'சின்ன இங்கிலாந்து' என்று பெயரும் வைத்தார்கள்.

எல்லாவற்றுக்கும் திட்டம் இருந்தது. திட்டத்தில் இல்லாதது ஒன்றுதான்: சுரங்கம் தீர்ந்த மறுநாள்.

தொழிலாளி சும்மா இருந்தானா? இல்லை. 1930-ல் கைரேகை வைத்துப் பதிவு செய்யச் சொன்னபோது, நாங்கள் என்ன குற்றவாளிகளா என்று கேட்டு மூன்று வாரம் வேலையை நிறுத்தினான். 1946-ல் போலீஸ் துப்பாக்கிக்குத் தொழிலாளர்கள் பலியானார்கள். சிவப்புக் கொடி அந்த ஊரில் வீட்டுப் பொருள் போல ஆயிற்று. அன்று கம்பெனியும் சர்க்காரும் தொழிலாளியின் குரலைக் கேட்டதற்குக் காரணம் இரக்கமல்ல. அவன் கை நின்றால் தங்கம் நிற்கும் என்பதுதான் காரணம்.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1956-ல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962-ல் மத்திய அரசுக்குப் போயிற்று. 1972-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் பிறந்தது. முதலாளியின் பெயர் மாறியது, லைன் வீடு மாறவில்லை. சுரங்கமோ மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போய்விட்டது. ஆழம் ஏற ஏறச் செலவு ஏறியது, கிடைத்த தங்கமோ குறைந்தது. 2001 பிப்ரவரி இறுதியில் சுரங்கத்தை மூடினார்கள். சுமார் 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கத்தை மேலே அனுப்பிய ஊருக்கு மிஞ்சியது சயனைடு மண்மேடுகளும், காற்றடித்தால் கண்ணில் விழும் தூசியும்தான்.

தங்கம் தீர்ந்தது இயற்கை, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ஊர் தீர்ந்தது இயற்கையா? குடியிருக்கும் வீட்டுக்கு உரிமை கேட்டு, வேலை போன பிறகு அந்த மக்கள் ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டியதாயிற்று. அப்போது அவர்கள் எதை நிறுத்தி மிரட்ட முடியும்? வேலைநிறுத்தம் என்பது வேலை இருப்பவன் கையிலுள்ள ஆயுதம். சங்கு நின்ற மறுநாள் அது வெறுங்கை.

ஓர் ஊரின் நாடித்துடிப்பை அறிய அங்கே விற்கும் சீசன் டிக்கெட்டைப் பார்த்தால் போதும் என்பது ரயில்வே கவுண்டரில் உட்காரும் நமக்குத் தெரியும். ஒரு காலத்தில் ஆட்களை இறக்கிவிட்ட மாரிக்குப்பம் ஸ்டேஷன், இன்று விடியுமுன் அவர்களின் பேரப் பிள்ளைகளைப் பெங்களூருக்கு ஏற்றி அனுப்புகிறது. ராத்திரி தூங்க மட்டும் ஊர், பிழைப்பு வேறிடத்தில்.

இது அங்கே நடந்த கதை, நமக்கென்ன என்று இருக்க முடியுமா? அதே 2001-ல் நம் கேரளத்திலேயே மாவூர் ரேயான் ஆலை நிரந்தரமாக மூடப்பட்டது. தோட்டத்தில் வீடு கொடுக்க வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. அந்த வீடு உனக்கே சொந்தம் என்று சொல்லவில்லை. வேலை இருக்கும்வரை கூரை. ஓய்வு பெற்றால் இறங்கு. 2020 ஆகஸ்டில் மூணாறு பெட்டிமுடியில் மண்சரிந்து லயங்களோடு எழுபது பேரைக் கொண்டுபோயிற்றே, அவர்களில் எத்தனை பேருக்குத் தன் பெயரில் ஒரு சென்ட் நிலம் இருந்திருக்கும்?

ஆகவே கல்லாற்றில் சொன்னதையே இங்கும் சொல்கிறோம். கூலி உயர்வு கேளுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் கோரிக்கைப் பட்டியலில் முதல் வரி நிலப் பட்டயமாக இருக்கட்டும். பி.எஃப். பணம் கட்டப்படுகிறதா என்று ஆண்டுதோறும் கணக்குக் கேளுங்கள். செக்ரோலில் உங்கள் தாத்தா பெயர் இருக்கும் பக்கத்துக்கு நகல் வாங்கி வையுங்கள். ஜாதிச் சான்றிதழுக்குப் போனால் 1950-க்கு முன்பே வந்ததற்கு ஆதாரம் எங்கே என்று கேட்கிறார்கள் அல்லவா? தோட்டம் மூடினால் அந்தப் புத்தகம் கரையானுக்கு. அதோடு உங்கள் சாட்சியமும் போயிற்று.

அந்த அம்மாவுக்கு நாம் கடைசியாகச் சொன்ன பதில் இதுதான்: "இன்றைக்கு அது கம்பெனி வீடு, அம்மா. உங்கள் வீடாக ஆக்க வேண்டுமானால், கொழுந்துக்கு உங்கள் கை வேண்டியிருக்கிற நாளிலேயே கேட்டு வாங்க வேண்டும்."