பேர் பழசு, ஆள் புதுசு: அதிலென்ன தப்பு?

பழைய மெல்லிசைக் குழு ஒன்று பல வருஷம் கழித்து மறுபடி மேடை ஏறினால், நம் வயசுக்காரர்கள் உடனே சொல்வது ஒன்றுதான்: "பேர்தான் அது, ஆள் அது இல்லை." இந்த வருஷம் எங்கள் சீர்காழிப் பக்கத்துத் திருவிழா ஒன்றில் அப்படி ஒரு கச்சேரி. பழைய ஆட்களில் மிச்சம் இரண்டே பேர், தபேலாக்காரரும் அக்கார்டியன்காரரும். மற்றவர்கள் எல்லாம் பேரப்பிள்ளை வயசு. மூன்றாவது பாட்டுக்குள் முன்வரிசை காலி. எழுந்து போனவர்கள் இளவட்டங்கள் இல்லை. அறுபதைத் தாண்டிய ரசிக சிகாமணிகள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள்.

நீங்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் விஸ்வநாதன் ராமமூர்த்தி எங்கிருந்து வந்தார்கள்? சி.ஆர்.சுப்பராமனிடம் ஆர்மோனியமும் வயலினும் வாசித்தவர்கள். 1952ல் சுப்பராமன் இளவயசிலேயே போய்விட்டார். 'தேவதாஸ்' உள்பட அவர் பாதியில் விட்டுப்போன படங்களை முடித்துக் கொடுத்தவர்கள் இந்த இருவர்தான். "சுப்பராமன் இல்லாத குழு ஒரு குழுவா?" என்று அன்றைக்குப் பட முதலாளிகள் எழுந்து போயிருந்தால் நமக்கு மெல்லிசை மன்னர்கள் ஏது? 1964ல் 'கர்ணன்' படத்தில் நம்ம ஊர் கோவிந்தராஜன் பாடி நம்மை அழவைத்த பாட்டுதான் ஏது?

1965ல் பிரிந்த அந்த இருவரும் முப்பது வருஷம் கழித்து, 1995ல், 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்காக மறுபடி சேர்ந்தார்கள். அப்போது கண்ணதாசன் இல்லை, சீர்காழியாரும் இல்லை. அதற்காகச் சேர்ந்திருக்கவே கூடாது என்பீர்களா? பிறகு 2013ல் வந்த அடிகளை நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 14 பி.பி.ஸ்ரீநிவாஸ், 17 ராமமூர்த்தி, மே 25 டி.எம்.எஸ். ஆறே வாரத்தில் மூன்று பேர். 2015ல் விஸ்வநாதனும் போனார். ஆள் மாறவே கூடாது என்றால் பாட்டையும் அவர்களோடு அனுப்பிவிட வேண்டியதுதான்.

நாம் காவிரிக்கரைக்காரர்கள். இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேளத்தில் அப்பா உட்கார்ந்த இடத்தில் பிள்ளை உட்காருவான்; கூட ஊதினவன் ஒருநாள் தலைமை ஏற்பான். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையோடு சேர்ந்து ஊதிய காருகுறிச்சி அருணாசலம் பிறகு தனிப்பெரும் பேர் எடுக்கவில்லையா? இவ்வளவு ஏன், சம்பந்தருக்கு யாழ் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணர் காலத்து யாழே இன்றைக்கு இல்லை. சட்டைநாதர் கோயிலில் தேவாரம் நின்றுவிட்டதா?

"அந்தக் குரல் வருமா?" என்பீர்கள். வராது. அந்தக் குரல்தான் உங்கள் செல்போனிலேயே இருக்கிறதே! வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். மேடைக்கு வருவது, மனுஷன் மூச்சைப் பிடித்து நம் கண்ணெதிரே பாடுவதைக் கேட்க.

கோபப்பட வேண்டிய இடம் வேறு. வாசிப்பதுபோல் பாவனை செய்துகொண்டு பின்னால் ட்ராக்கை ஓடவிடுகிறார்களே, அதற்கு எழுந்து போங்கள், நானும் வருகிறேன். இன்னொன்று, நோட்டீஸ். பழைய பேரைப் பெரிதாகப் போட்டுவிட்டு, பாடப்போகிற பிள்ளைகளின் பேரையே போடாமல் விடுகிறார்கள். இங்கிலாந்தில் குயின் என்று ஒரு ராக் குழு. அதன் பாடகர் ஃபிரெடி மெர்குரி 1991ல் இறந்தார். மிச்சமிருந்தவர்களில் இருவர் ஆடம் லாம்பெர்ட் என்ற புதியவரைச் சேர்த்துக்கொண்டு பாடுகிறார்கள். விளம்பரத்தில் 'குயின் பிளஸ் ஆடம் லாம்பெர்ட்' என்றே போடுகிறார்கள். யாரையும் ஏமாற்றவில்லை, வந்தவரையும் மறைக்கவில்லை.

நாம் அந்தக் காலத்திலும் இதைச் செய்யவில்லை. கிடார் பிலிப்ஸ், அக்கார்டியன் மங்களமூர்த்தி, புல்லாங்குழல் நஞ்சப்பா என்ற பேர்கள் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்கள் வாசித்ததைத்தான் ஐம்பது வருஷமாக முணுமுணுத்துக்கொண்டிருக்கிறோம்.

விழாக் கமிட்டிக்காரர்கள் கணக்குப் பார்ப்பவர்கள். நாற்காலி காலியானால் அடுத்த வருஷம் பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுக்க மாட்டார்கள். ஸ்பீக்கர் பெட்டியை அடுக்கி டி.ஜே. வைத்துவிடுவார்கள். அப்புறம் காதைப் பொத்திக்கொண்டு புலம்பப் போவதும் நாம்தான். ஆகவே மங்களம் வரைக்கும் உட்காருங்கள். பாடின பெண்ணின் பேரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த நோட்டீஸில் அந்தப் பேர் வர வேண்டும் என்று கமிட்டியிடம் சண்டை போடுங்கள்.