குரலைக் கொடுத்த கடற்கன்னி

பழைய தேவதைக் கதைகளைப் பயங்கரமாக மாற்றி எழுதும் நூல்களைக் கண்டு பெற்றோர் சிலர் கலங்குகின்றனர். “பெண் பிள்ளைகளுக்கு இந்த இருட்டு ஏன்?” என்கின்றனர். ஆனால் மூலக்கதைகள் மட்டும் இனிப்பானவையா?

டென்மார்க் எழுத்தாளர் அன்டர்சன் 1837இல் வெளியிட்ட கடற்கன்னி கதையைப் பாருங்கள். இளவரசனுக்காக அவள் கடல் சூனியக்காரியிடம் தன் நாவையே கொடுத்துக் கால்களைப் பெறுகிறாள். ஒவ்வோர் அடியும் கத்திமேல் நடப்பதுபோல் வலிக்கிறது. அவனோ வேறொருத்தியை மணக்கிறான். அவனைக் கொன்றால் உயிர் தப்பலாம். அவள் கத்தியைக் கடலில் எறிகிறாள். நுரையாகிக் காற்றின் மகளாகிறாள்.

1989இல் டிஸ்னி எடுத்த படத்தில் குரலும் திரும்புகிறது, திருமணமும் நடக்கிறது. குரலை இழந்தாலும் கவலையில்லை, எல்லாம் கூடிவரும் என்றே அது பிள்ளைக்குச் சொல்லிவிடுகிறது. எது ஆபத்தான கதை?

மட்டக்களப்பை மீன்பாடும் தேனாடு என்கிறோம். மீனுக்கும் குரலுண்டு என்று நம்பிய மண் இது. பெரியகல்லாற்றில் ஒருபக்கம் வாவி, மறுபக்கம் கடல். 2004 டிசம்பர் 26இல் அக்கடல் ஊருக்குள் புகுந்த கதையைக் கேட்டே வளர்ந்தோம். இருளை எங்களுக்கு மறைத்துப் பயனில்லை.

உம்மா, வாப்பாமாரே! வயதுக்கு ஒவ்வாததைத் தடுங்கள். அது உங்கள் கடமை. மற்றவற்றை எங்களோடு அமர்ந்து வாசியுங்கள். யாருக்காகவும் குரலைக் கொடுத்துவிடாதே என்ற பாடம், அந்த இருண்ட கதையில்தான் இருக்கிறது.