அந்தக் கோடு மதிப்பெண் அல்ல

கர்ப்பமாக இருக்கும் உங்கள் அக்காவின் மேற்கையில் நாணய அளவில் ஒரு வட்டு ஒட்டியிருக்கிறதா? அது குளுக்கோசைத் தொடர்ந்து கண்காணிக்கும் உணரி. அதன் மெல்லிய இழை, தோலுக்கடியில் உயிரணுக்களைச் சூழ்ந்துள்ள திரவத்தில் குளுக்கோசை அளக்கிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை அந்த அளவு கைப்பேசிக்கு வரும். விரலில் குத்திப் பார்த்தால் அந்த நேரத்து அளவு மட்டுமே தெரியும். இதிலோ ஏற்ற இறக்கம் முழுவதும் கோடாகத் தெரிகிறது.

கோடு ஏறியதும் வீட்டில் விசாரணை தொடங்கிவிடும்: "என்ன சாப்பிட்டாய்?" இது நியாயமே இல்லை. நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. கணையத்தால் அதை ஈடுகட்ட முடியாதபோதுதான் கர்ப்பகால நீரிழிவு வருகிறது. ஒரு குவளை மைலோவால் வந்ததல்ல. கட்டுப்படுத்தாவிட்டால் குழந்தை அளவுக்கு மீறி வளரலாம். அந்தப் பயமே அக்காவுக்குப் போதும்.

உணரியும் ஏமாற்றும். ஒட்டிய கையை அழுத்திக்கொண்டு தூங்கினால், இல்லாத தாழ்நிலையைக் காட்டி நள்ளிரவில் அலறும். சந்தேகம் வந்தால் விரலில் குத்திச் சரிபார்க்க வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கான பொது இலக்கு லிட்டருக்கு 3.5 முதல் 7.8 மில்லிமோல். ஒரே அளவு சோறு இருவருக்கு வெவ்வேறு விதமாக ஏறும். எது தமக்கு ஒத்துவருகிறது, சாப்பிட்டபின் நடந்தால் எவ்வளவு இறங்குகிறது என்று அக்காவே கோட்டைப் பார்த்து அறியலாம். இன்றிரவு அவர் நடக்கக் கிளம்பும்போது, கைப்பேசியை எட்டிப் பார்க்காமல் நீங்களும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடப் போங்கள்.