வயசுக்கும் சாதி

எழுபது வயசுக் கிழவர் ஒருவர் ஊர்த்தெரு வழியாக சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார். மீசை முளைக்காத பயல் ஒருவன் திண்ணையில் இருந்தபடியே 'எங்கடா போற?' என்பான். கிழவர் நிற்பார். தோள்துண்டு கக்கத்துக்குப் போகும். 'கடைக்குங்க சாமி' என்பார். சேரியில் பிறந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. இன்றைக்குப் பல ஊர்களில் இது இல்லை. தானாகவா போனது? எப்போதோ ஒருத்தன் நிமிர்ந்து பார்த்துத் திருப்பிக் கேட்டான், அதற்கு அடியும் வாங்கினான். அப்புறம்தான் போனது.

பெரியவர்களை மதிப்பது தமிழ்ப் பண்பாடு என்று மேடைக்கு மேடை முழங்குகிறார்கள். அக்டோபர் 1 முதியோர் தினம் வந்தால், கூட்டுக் குடும்பம் ஒடஞ்சு போச்சே என்று பத்திரிகைகள் ஒப்பாரி வைக்கின்றன. வைக்கட்டும். எந்தக் கிழவருக்கு இந்தப் பண்பாடு? தமிழில் மரியாதை விகுதி உண்டு. அது வயசைப் பார்த்து ஒட்டவில்லை, சாதியைப் பார்த்தே ஒட்டியது. நம் பாட்டனுக்கு 'ன்'. பண்ணை வீட்டுப் பொடியனுக்கு 'ர்'.

மரியாதையை விடுங்கள், வயசையே எவன் எழுதி வைத்தான்? நம் கிழவிகளிடம் கேட்டால், 'பெரிய புயல் அடிச்சப்போ நான் நடவுக்குப் போய்க்கிட்டிருந்தேன்' என்பார்கள். நாகப்பட்டினத்தில் அந்தப் புயல் அடித்தது 1952இல். ஆபீசருக்குப் புயல் கணக்கு உதவாது. வாக்காளர் பட்டியலில் எவரோ குத்துமதிப்பாக எழுதியதுதான் வயசு. அதில் அஞ்சு குறைந்திருந்தால் அஞ்சு வருசப் பென்ஷன் போச்சு. 1962இல் 20 ரூபாயில் தொடங்கிய முதியோர் பென்ஷன் 2023இல் 1200 ஆனது. அதை வாங்கிக்கொண்டும் களையெடுக்கப் போகிற கிழவிகள் நம் தெருவில் எத்தனை பேர்!

நம் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். படித்த நம் பிள்ளைகள் சிலர், 'கும்பிடு போட்ட கூட்டம்' என்று பாட்டன்மாரைக் கேலி பேசுகிறார்கள். கும்பிடு போட்ட கைதான் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது. 'சாமி' என்று சொல்லிக்கொண்டே சாமியின் வயலில் கூலி உயர்வு கேட்டவர்களும் அவர்கள்தான். அதற்காக நரைத்த தலைக்கெல்லாம் மாலை போடச் சொல்லவில்லை. பெண்டாட்டியை அடித்தே கிழவனானவனும் சேரியில் இருக்கிறான். அவனுக்கு மாலை கிடையாது.

வெண்மணியை எடுத்துக்கொள்ளுங்கள். கூலியாகக் கூடுதல் நெல் கேட்டார்கள், செங்கொடி ஏற்றினார்கள். 1968 டிசம்பர் 25 இரவு ராமையாவின் குடிசையில் 44 பேரை வைத்துக் கொளுத்தினார்கள். பெண்கள், குழந்தைகள், வயசானவர்கள். கீழ்க்கோர்ட்டு தண்டித்த பண்ணையார்களை ஐகோர்ட்டு விடுதலை செய்தது. கார் வைத்திருக்கிற பெரிய மனுசங்க தாங்களே நடந்து போய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்களா என்று நீதிக்கே சந்தேகம் வந்துவிட்டது! பிள்ளையையும் பெண்டாட்டியையும் தீயில் கொடுத்தவர்கள் அந்தத் தீர்ப்பைக் கேட்டுவிட்டு என்ன செய்தார்கள்? ஊரைவிட்டு ஓடவில்லை. அதே மண்ணில் நாற்று நட்டார்கள், அறுத்தார்கள், பேரப்பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள், ஒவ்வொரு டிசம்பரிலும் கொடி ஏற்றினார்கள். நாம் வியப்பது இந்த முதுமையைத்தான். அன்றைக்கு இருபது வயசாக இருந்தவர்கள் இன்றைக்கு எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டார்கள்.

ஒவ்வொருத்தராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். 1938இல் ஈ.வெ.ரா.வுக்குப் 'பெரியார்' என்று பட்டம் தந்த பெண்கள் மாநாட்டில் முன்நின்ற மீனாம்பாள் சிவராஜ் 1992இல் போனார். தீண்டாமை பற்றி நாடு முழுக்க விசாரித்து 1969இல் அறிக்கை தந்த குழுவுக்குத் தலைமை தாங்கிய இளையபெருமாள் 2005இல் போனார். 'சிலுவைராஜ் சரித்திரம்' எழுதிய ராஜ் கௌதமன் 2024இல் போனார். அவர்களுக்காவது எழுத்து இருக்கிறது, தேடினால் கிடைக்கும். எழுதப் படிக்கத் தெரியாத நம் கிழவிகள் போனால் எங்கே தேடுவது?

வெண்மணியில் உயிர் தப்பியவர்களைப் பேச வைத்து, பாரதி கிருஷ்ணகுமார் 2005இல் 'ராமையாவின் குடிசை' என்று படம் எடுத்தார். ஒவ்வொரு சேரிக்கும் படம் எடுக்க நம்மிடம் காசில்லை. ஒரு நோட்டும் பேனாவும் இருக்கிறது, கையில் செல்போன் இருக்கிறது. போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். எந்தக் கிணற்றில் தண்ணி எடுக்க விடவில்லை, எந்த டீக்கடையில் தனிக் கிளாஸ், ஊர்த்தெருவில் முதல்ல செருப்புப் போட்டு நடந்தது யாரு, அன்னைக்கு அடிச்சது யாரு, திருப்பி அடிச்சது யாரு என்று கேளுங்கள். செத்த மாட்டைத் தூக்க மாட்டோம்னு சொன்ன நாளில் வீட்டில் என்ன சமைச்சாங்க என்றும் கேளுங்கள். எழுதி அனுப்புங்கள். எழுத்துப்பிழை பற்றிக் கவலை வேண்டாம். அவர்கள் பேச்சை அப்படியே, திருத்தாமல் போடுகிறோம்.