பனிக்காலத்தில் தோல் இருக்கை



ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கும் நாட்களில், திருவண்ணாமலையை அடுத்த எங்கள் வேங்கிக்காலில் விடியற்காலையில் கார்க் கண்ணாடிகள் வெண்மையாய் மூடிக்கிடக்கும். அத்தகைய நாளொன்றில், ஆம்பூரில் நடக்கவிருந்த உறவினர் இல்லத் திருமணத்துக்குப் புறப்படுவதற்காக, இரண்டு வாரங்களாகத் திறவாதிருந்த காரின் கதவைத் திறந்தேன். புழுங்கிய வாடை முகத்தில் அடித்தது. தோல் இருக்கைகளில் திட்டுத்திட்டாக வெண்பூசணம் பூத்திருந்தது. குற்றம் என்னுடையதே. குளிரில் தோல் வெடித்துவிடும் என்றெண்ணித் தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தேய்த்து, கண்ணாடிகளையும் இறுக ஏற்றி வைத்தவன் நான்தான்.

திருமண வீட்டில், நெடுங்காலம் தோல் பதனிடும் தொழிலில் இருந்த மாமா ஒருவர் இருக்கையைத் தடவிப் பார்த்தார். "தம்பி, நீ தோலுக்குத் தீனி போடவில்லை; பூசணத்துக்குப் போட்டிருக்கிறாய்" என்றார். அன்று அவரிடம் கேட்டறிந்ததையும், பின்னர் செய்து பார்த்துத் தெளிந்ததையும் இம்மாதம் உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

ஆவாரம்பட்டை, கடுக்காய் கொண்டு பதனிட்ட பழங்காலத் தோல் எண்ணெயை உறிஞ்சும். இன்றைய கார் இருக்கைத் தோலோ பெரும்பாலும் குரோமிய உப்பினால் பதனிடப்பட்டு, மேலே பாலியூரித்தேன் என்னும் மெல்லிய பூச்சு இடப்பட்டது. எண்ணெய் அதனுள் இறங்காது. மேலே தங்கித் தூசியைச் சேர்க்கும். தேங்காய் எண்ணெயோ 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறையத் தொடங்கிவிடும். மேலும், நம் பகுதியின் குளிர் தோலை வெடிக்கச் செய்யும் வறண்ட குளிரன்று, ஈரக் குளிர். எனவே இங்கே நாம் அஞ்ச வேண்டியது வறட்சிக்கு அன்று, ஈரத்துக்கே.

முதலில் உங்கள் இருக்கை எவ்வகைத் தோல் என்று அறியுங்கள். கண்ணில் படாத ஓரிடத்தில் ஒரு சொட்டு நீர் விடுங்கள். சொட்டு அப்படியே நின்றால் பூச்சுள்ள தோல், அல்லது ரெக்சின். உறிஞ்சிக் கறுத்தால் பூச்சற்ற தோல். அதை நீரால் துடைக்காமல், தேர்ந்தவரிடம் ஒப்படைப்பதே நலம்.

பூச்சுள்ள தோலைத் துப்புரவு செய்யும் முறை இதுதான். வெயில் ஏறிய பின், நிழலில் வண்டியை நிறுத்தி, எல்லாக் கதவுகளையும் திறந்து வையுங்கள். பூசணம் இருந்தால் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, உலர்ந்த துணியால் மெல்ல ஒற்றி எடுத்து, அத்துணியை வெளியே போட்டுவிடுங்கள். குழந்தைகளையும் ஆஸ்துமா உள்ளவர்களையும் அருகே விடாதீர்கள். பிறகு தையல் இடுக்குகளில் உள்ள தூசியை மென்மையான தூரிகையால் அகற்றுங்கள். தோலுக்கென விற்கும் சோப்பு நீரையோ, காரம் குறைந்த திரவ சோப்பை மிகுந்த நீரில் கலந்தோ, துணியைப் பிழிந்து துடையுங்கள். நீரை இருக்கையில் ஊற்றலாகாது. துளைகளின் வழியே பஞ்சுக்குள் இறங்கிய ஈரம் எளிதில் உலராது. துணி சோப்பும் சோடாவும் காரமானவை, தோலுக்கு ஆகா. நகப்பூச்சு நீக்கும் திரவமும் ஸ்பிரிட்டும் மேற்பூச்சையே கரைத்துவிடும்.

சுத்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் சோப்பைத் துடைத்த பின், உலர்ந்த துணியால் ஒற்றி, காற்றோட்டத்தில் முழுமையாக உலர விடுங்கள். நேர் வெயிலும் முடி உலர்த்தும் கருவியும் வேண்டா. உலர்ந்த பின்னரே கண்டிஷனர். அதுவும் துணியில் சிறிதளவு தொட்டு, மெல்லப் பூசி, மிச்சத்தைத் துடைத்து எடுத்தால் போதும். எந்தப் புதுத் திரவத்தையும் மறைவான ஓரத்தில் சோதித்த பிறகே பயன்படுத்துங்கள்.

இலண்டனிலும் டொரோண்டோவிலும் வாழும் நம் உறவினர்களுக்கு நிலைமை வேறு. அங்கே கடுங்குளிரில் தோல் விறைத்துப் போகும்; ஹீட்டரின் வெப்பக் காற்று அதை வறளச் செய்யும். வண்டியின் உட்புறத்தை மிதமாகச் சூடாக்கி, தோல் இளகிய பின் இருக்கைச் சூட்டை நிறுத்திவிட்டுத் துடைக்க வேண்டும். அவர்களது அறிவுரையை இங்கேயும், நமது பழக்கத்தை அங்கேயும் அப்படியே பின்பற்றுவது பிழை.

இருக்கைதானே, கிழிந்தால் மாற்றிக்கொள்வோம் என்று எண்ணுவோர் உண்டு. மாமா அதற்கும் விடை சொன்னார். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் தொழில் நம் குடும்பங்கள் பலவற்றுக்குச் சோறு போட்டது. அதே தொழிலின் கழிவுநீர் பாலாற்றங்கரைக் கிணறுகளையும் வயல்களையும் கெடுத்தது. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறியை வலியுறுத்தி, தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. "ஒரு தோல் உங்கள் கைக்கு வருவதற்குள் எவ்வளவு தண்ணீர் செலவாகியிருக்கும் தெரியுமா? அதை ஐந்து ஆண்டில் குப்பையில் போடுவது வீண்விரயம் அல்லவா?" என்று அவர் கேட்டபோது, என்னால் தலை நிமிர இயலவில்லை.

ஆகவே வாசகர்களே, இம்மார்கழியில் வண்டியை ஓட்டாவிட்டாலும், வாரம் ஒரு முறை வெயில் ஏறிய வேளையில் கதவுகளைச் சற்று நேரம் திறந்து வையுங்கள். நனைந்த குடையையும் ஈரத் துணியையும் இருக்கையில் விட்டுவராதீர்கள். காசில்லாத வைத்தியம் இது, இதுவே முதன்மையானதும்கூட.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.